பழைய படங்களை வைத்து வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, ஒருவருடைய வாழ்க்கையை வரிசையாக ஆல்பமாக்கித் தருவது என் வேலை. இப்போது பலர் தாங்களே இதில் இறங்குகிறார்கள், சந்தோஷம். ஆனால் அன்றைக்கு நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். ஈரக் கையோடு படத்தைத் தொடாதீர்கள் போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். வீட்டில் பெரியவர் தவறிவிடுகிறார். உடனே கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும். பீரோவில் இருக்கும் ஒரே நல்ல படத்தை உருவி, கத்தரிக்கோலும் போட்டுவிடுகிறார்கள். முகம் பேனருக்குப் போகிறது, மீதி குப்பைக்குப் போகிறது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு குடும்பம் அப்படி வெட்டிய தாத்தா படத்தோடு வந்தது. பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வெள்ளைத் துண்டு. "பிரெஞ்சுக்காரங்க போன பிறகுதான் தாத்தா பாண்டிச்சேரியையே பார்த்தார்" என்றார் பேரன். பெரிதாக்கிப் பார்த்தேன். காதோரம் நூல் அகலத்துக்குக் கடல், அதில் வரிசையாக இரும்புத் தூண்கள். புதுச்சேரிக் கடற்கரையின் பழைய துறைமுகப் பாலம்! அது 1952 புயலிலேயே போய்விட்டது. பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியதோ 1954 நவம்பரில். அந்த ஓரத்துத் தூண்கள் இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

இன்னொன்றும் இருந்தது. தாத்தாவின் தோளில் ஒரு கை, மோதிரம் போட்ட கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தது. யாருடையது? அண்ணனா, கூட்டாளியா? வெட்டுவதற்கு முன்னால் அந்த ஆளுக்கு ஒரு முகம் இருந்தது. இனி கிடைக்காது.

அதனால் சொல்கிறேன்: மூலப்படம் வீட்டைத் தாண்டக் கூடாது. பேனருக்கு நகல் போதும். ஸ்கேன் செய்யும்போதும் நான்கு ஓரமும் தெரியட்டும், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்றிருந்தால் படம் பெரும்பாலும் 1993க்கு முந்தையது. அந்த வருடம்தான் மாவட்டம் பிரிந்தது.

கண்ணாடியில் ஒட்டியதைப் பிய்ப்பது

2011 டிசம்பர் 30, தானே புயல். மறுவாரமே கண்ணாடியோடு ஒட்டிப்போன கல்யாணப் படங்கள் வர ஆரம்பித்தன. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். காய்ந்து ஒட்டியதை அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நிழலில் முகம் மேலே பார்க்கப் பரப்பிக் காய வையுங்கள்.

லேமினேஷன்

வேண்டவே வேண்டாம்.

மூலையில் இருக்கும் ஆரஞ்சுத் தேதி

நம்பாதீர்கள். பேட்டரி மாற்றிய பிறகு தேதியைச் சரிசெய்யாத கேமராக்கள் ஏராளம்.

பெரியவர்களிடம் "இது யாரு?" என்று மட்டும் கேட்பது

பெயர் வரவில்லை என்றால் சங்கடப்பட்டு, "மறந்துபோச்சுப்பா" என்று ஆல்பத்தை மூடிவிடுவார்கள். "இது எந்த வீட்டுத் திண்ணை? சைக்கிள் யாரோடது?" என்று ஆரம்பியுங்கள். பேச்சு ஓடும், பெயர் தானாக வந்து விழும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அத்தை ஒரு வருடமும் சித்தப்பா ஒரு வருடமும் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள், யார் சொன்னது என்பதோடு.