பின் சக்கரத்தைக் கழற்றி டிரம் பிரேக் ஷூ மாற்றுவது எப்படி?

பைக்கின் பின் சக்கரத்தைக் கழற்றுவது சுலபம். திரும்ப மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். இங்கே சொல்வது டிரம் பிரேக்குக்கு மட்டும். டிஸ்க் பிரேக்குக்கு முறை வேறு.

சைலன்சர் ஆறிய பிறகு, வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள். முதலில் பிரேக் ராடின் நுனியில் உள்ள அட்ஜஸ்டர் நட்டைக் கழற்றி, ராடைப் பிரித்ததும் ஸ்பிரிங்கோடு அதே ராடில் மாட்டி வையுங்கள், தொலையாது. அப்புறம் பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் போல்ட், அதன் பிறகு ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) நட். சக்கரத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டே ஆக்சிலை உருவுங்கள். கூடவே விழும் ஸ்பேசர் (இடைவெளிக்கான வளையம்) எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்து வைப்பது நல்லது. சில வண்டிகளில் செயினையும் ஸ்பிராக்கெட்டிலிருந்து இறக்க வேண்டியிருக்கும்.

ஷூக்கள் மாட்டியிருக்கும் பிரேக் பிளேட் தனியாக வந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் (ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் லைனிங் தேய்ந்து 2 மி.மீ. தடிமன்தான் மிச்சம் என்றாலே மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். எண்ணெய் ஊறிய ஷூவையும் தூக்கிப் போடுங்கள். இரண்டு ஷூவையும் புத்தகம் மூடுவதுபோல் மடக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். புதியதை மாட்டுவதும் அப்படித்தான். ஷூக்களை விரிக்கும் பிரேக் கேமில் சூடு தாங்கும் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு துளிகூட லைனிங்கிலோ டிரம்மிலோ படக்கூடாது.

மாட்டும்போது முதலில் செயின் தளர்வைச் சரிசெய்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேக் ராடை மாட்டி, பெடலை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, ஆக்சில் நட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) முறுக்குங்கள். ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் உட்கார இது உதவும்.

டார்க் ஆர்மை மறந்துவிட்டால், பிரேக் பிடித்ததும் பிளேட் சுழன்று சக்கரமே பூட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. அதன் போல்ட்டை இறுக்கி, நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் புதிதாகப் போட்டதைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

சரி, கடைசியாக அட்ஜஸ்டர் நட்டால் பெடல் அட்ஜஸ்ட்மென்ட். பல வண்டிகளில் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடலில் 20 முதல் 30 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டியும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் கை கொண்டுபோனாலே அனலடித்தால் ஷூ உரசுகிறது; அட்ஜஸ்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.