ரெவிட் மாடலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன்

கிருஷ்ணகிரியில் வரைபட வேலை, ஓசூரில் ஸ்ட்ரக்சுரல் வேலை என்று ஒரே கட்டடத்தை இரண்டு அலுவலகங்கள் பிரித்துச் செய்வது நம் பக்கம் சாதாரணம். இதில் ஒருவர் மட்டும் மாடலை ரெவிட் (கட்டடத்தை முப்பரிமாண மாடலாக வரையும் மென்பொருள்) 2024-இல் திறந்து சேமித்துவிட்டால், 2022 வைத்திருப்பவரால் அந்த ஃபைலைத் திறக்கவே முடியாது. பழைய பதிப்பில் திருப்பிச் சேமிக்கும் வசதி ரெவிட்டில் இல்லை. எங்களுக்கு இப்படி இரண்டு நாள் வேலை போனது. அதனால் முதலில் எல்லோரும் ஒரே பதிப்புக்கு ஒரே நாளில் மாறுவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அன்று எல்லோரும் சிங்க் செய்து (தங்கள் மாற்றங்களை எல்லோருக்கும் பொதுவான சென்ட்ரல் ஃபைலில் சேர்த்து) மூடியதும், பழைய ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் நகலெடுங்கள். முக்கியமான ஷீட்களை பிடிஎஃப் எடுத்து வையுங்கள். இதை மட்டும் விடாதீர்கள். மாற்றிய பிறகு மறுபடி பிடிஎஃப் எடுத்து ஒப்பிட்டால்தான் நகர்ந்த டைமென்ஷன், காணாமல் போன டேக் (பொருளின் பெயர், எண் காட்டும் குறிப்பு) எல்லாம் கண்ணில் படும். ரெவிட் காட்டும் வார்னிங் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதன்மை மாடலுக்குள் இணைத்திருக்கும் லிங்க் ஃபைல்களை முதலில் மாற்றுங்கள். பழையபடியே விட்டால், முதன்மை மாடலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ரெவிட் அவற்றைத் தற்காலிகமாக மாற்றிக்கொண்டே இருக்கும், நேரம் வீணாகும்.

சென்ட்ரல் ஃபைலை 'ஆடிட்' (ஃபைலில் பிழை சோதிப்பது), 'டிடாச்' (பழைய சென்ட்ரலிலிருந்து பிரிப்பது) இரண்டையும் டிக் செய்து திறந்து, புதுப் பெயரில் சென்ட்ரலாகச் சேமியுங்கள். பழைய லோக்கல் ஃபைல்களை (அவரவர் கணினியில் உள்ள சென்ட்ரல் நகல்களை) யாரும் தொட வேண்டாம், புதிதாக எடுத்துக்கொள்ளட்டும்.