ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் விடும் தவறுகள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு, பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ ஒரு நல்ல ரிசோர்ட்டில் முகாமையாளராக வேண்டும் என்று இந்தப் படிப்பைத் தேடுகிற பிள்ளைகள் பலர். ஆசை நல்லது, வாய்ப்பும் வீட்டு வாசலில் இருக்கிறது. ஆனால் முகாமைத்துவம் என்பது கையால் செய்து பழகிய வேலையைப் பிறகு கணக்கால் நடத்துவது. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்கின்றன.

காசு கட்டுமுன் பார்க்காமல் விடுவது

பதாகையில் 'அரச அங்கீகாரம் பெற்றது' என்று இருந்தால் போதும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று; நீங்கள் சேரப்போகும் அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறொன்று. முதலாவது மட்டும் இருந்தால், படித்து முடித்ததும் அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்தான் கிடைக்கும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்காது. ஆகவே பதிவிலக்கத்தோடு சேர்த்து, இந்தப் பாடநெறி எந்தத் தகைமை மட்டத்துக்கு உரியது என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 'டிப்ளோமா' என்று பெரிதாக அச்சடித்துவிட்டு உள்ளே 3ஆம் மட்டத்துப் பாடத்தை நடத்தினால் அப்போதே பிடிபட்டுவிடும்.

குறைந்த செலவில் படிக்கவும் வழியிருக்கிறது. இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம், தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றின் பாடநெறிகளை முதலில் விசாரித்துவிட்டுத் தனியார் பக்கம் போங்கள். பட்டப்படிப்பே வேண்டும் என்றால் பக்கத்தில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்கனவே ஹோட்டலில் சில வருடம் வேலை செய்தவர்கள் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. அந்த அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. பலருக்கு அது தெரியாமலே போகிறது.

அறை துப்புரவைக் குறைவாக நினைப்பது

'முகாமைத்துவம் படிக்க வந்த பிள்ளையைக் கட்டில் விரிக்க விடுகிறார்கள்' என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். ஒரு ரிசோர்ட் விற்கும் பொருளே அறைதான். அதைச் செய்யத் தெரியாதவர் அதை மேற்பார்வை செய்ய முடியாது. விருந்தினர் விட்டுப்போன அறை ஒன்றை முழுதாகத் தயார்படுத்த, பழகியவருக்கே ஏறக்குறைய 30 நிமிடம் எடுக்கும். அந்த நேரம் உடம்பில் ஊறாத முகாமையாளர், ஒருவருக்கு ஒரு நாளில் 20 அறை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஏன் தலையணை உறையில் முடி கிடக்கிறது என்று சத்தம் போடுவார்.

ஒழுங்கிலும் காரணம் இருக்கிறது. கதவைத் தட்டி, யார் என்று சொல்லி, பதில் வராவிட்டால் மட்டும் உள்ளே போக வேண்டும். திரைச்சீலையை விலக்கியதும் முதலில் குளியலறைக்குள் போய்த் துப்புரவு மருந்தைத் தெளித்துவிட்டு வெளியே வாருங்கள். போத்தலில் எழுதியுள்ள நிமிடங்கள் அது ஊறினால்தான் அழுக்கு விடும். அதற்குள் விரிப்புகளைக் கழற்றிக் கட்டிலை விரிக்கலாம். பிறகு மேலிருந்து கீழாகத் தூசி துடைத்து, குளியலறையை முடித்து, தரையைக் கடைசியாக வாசலை நோக்கிக் கூட்டி வர வேண்டும். தரையை முதலில் கூட்டினால் விரிப்பை உதறும்போது விழும் மணலுக்காக இன்னொரு தரம் கூட்ட நேரிடும். கடற்கரை ஹோட்டலில் துவாயை வெளியே உதறாமல் சலவைக்கு அனுப்பினால், மணல் இயந்திரத்தின் வடிகாலில் போய் அடைக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர்க் கறை போகவில்லை என்று, அசிட் கலந்த கழிப்பறை மருந்தோடு குளோரின் பிளீச்சைச் சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரையே வாங்கிவிடும்.

கணக்கை விட்டுவிட்டுப் பட்டத்தைப் பிடிப்பது

சமையல் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் விடும் பெரிய தவறு, வாங்கிய விலையில் தட்டின் செலவைப் போடுவது. 5 கிலோ பாரை மீன் ஒன்று, கிலோ 1,500 ரூபா என்று வைப்போம்: 7,500 ரூபா. தலை, முள், தோல், குடல் போனால் சதையாக மிஞ்சுவது சுமார் 45 வீதம், அதாவது 2.25 கிலோ. ஆகவே சதையின் உண்மை விலை கிலோ 3,333 ரூபா. ஒரு தட்டுக்கு 180 கிராம் வைத்தால் மீனுக்கு மட்டும் 600 ரூபா. இதைக் கவனிக்காதவர் 1,500ஐ வைத்து 270 ரூபா என்று போடுவார். குழம்பு, மரக்கறி, எண்ணெய்க்கு 150 சேர்த்தால் உண்மைச் செலவு 750, அவருடைய கணக்கில் 420.

உணவுச் செலவை விற்பனை விலையின் 33 வீதத்துக்குள் வைக்க நினைத்து அவர் 1,275 ரூபாவுக்கு விற்பார். 2,250க்கு மேல் விற்க வேண்டிய தட்டு அது. வரும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 59 ரூபா தட்டிலேயே போய்விடும். மிச்சத்தில் சம்பளமும் காஸும் மின்சாரமும் கட்ட வேண்டும். கடை நிறையக் கூட்டம், மாத முடிவில் நட்டம் என்று சொல்கிற பல இடங்களில் கோளாறு இங்கேதான்.

அறைக்கும் இதே கதை. 40 அறையில் 26 விற்று 650,000 ரூபா வந்தால் சராசரி அறை விலை 25,000. இருக்கும் 40 அறைக்கும் பகிர்ந்தால் 16,250. விலையைக் குறைத்து 18,000க்கு 34 அறை விற்றால் வருமானம் 612,000, பகிர்ந்தால் 15,300. ஹோட்டல் நிரம்பியதாகத் தெரியும். வருமானமோ குறைவு, சலவையும் தண்ணீரும் காலைச் சாப்பாடும் எட்டு அறைக்குக் கூடுதல். இந்தக் கணக்கை வாரத்துக்கு ஒரு தரமாவது கையால் போட்டுப் பழகுங்கள். நேர்முகத் தேர்வில் இதைத் தெளிவாகச் சொல்லும் பிள்ளையை யாரும் லேசில் மறக்க மாட்டார்கள்.

மொழியைப் புத்தகத்தில் மட்டும் படிப்பது

இலக்கணம் சரியாக எழுதும் பிள்ளை தொலைபேசியில் தடுமாறுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அவசரத்தில் ஒன்றுபோலக் கேட்கும். 15ஆம் இலக்க அறைக்குப் போக வேண்டிய சாப்பாடு 50க்குப் போகும். இலக்கத்தை 'ஒன் ஃபைவ்' என்று பிரித்துத் திருப்பிச் சொல்லப் பழகுங்கள். பெயர் எழுதும்போது ஆங்கில B, P எழுத்து இரண்டும் குழம்பும். 'பிராவோ', 'பாப்பா' என்று சொல் வைத்து உறுதிப்படுத்த வேண்டும். சிங்களத்தையும் ஒதுக்காதீர்கள். விடுமுறை நாட்களில் தெற்கிலிருந்து வரும் குடும்பங்கள் நம் கடற்கரை ஹோட்டல்களின் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

பயிற்சிக் காலத்தை யோசிக்காமல் எடுப்பது

அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய மே முதல் ஒக்டோபர் வரை. பாசிக்குடாக் கடலும் அந்த மாதங்களில்தான் அமைதியாக இருக்கும். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிடும். அந்த மழையில் பயிற்சிக்குப் போய்விட்டு 'ஒன்றும் கற்றுத்தரவில்லை' என்று குறைப்படுவதில் பயனில்லை. நிறுவனம் விட்டால் ஏப்ரலிலோ மேயிலோ தொடங்குங்கள். மழைக்காலம்தான் கிடைத்தது என்றால் பராமரிப்புப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்: உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் குளிரூட்டி, நீச்சல்குளத் தண்ணீர், பூஞ்சை பிடிக்கும் மெத்தை எல்லாம் அப்போதுதான் கையில் வரும். பயிற்சிப் பதிவேட்டில் அந்தந்தப் பிரிவுத் தலைவரின் கையொப்பத்தை அன்றன்றே வாங்குங்கள். பருவம் முடிந்ததும் அவர் வேறு ஹோட்டலுக்குப் போய்விடக்கூடும்.

மதுபானம் பரிமாறவோ பன்றியிறைச்சி தொடவோ மனம் ஒப்பாத பிள்ளைகள், பயிற்சி தொடங்கிய பிறகு அதைச் சொல்லிச் சங்கடப்படுவதை விட விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. வரவேற்பு, முன்பதிவு, கணக்கு, அறைப் பராமரிப்பு ஆகியவற்றில் அந்தப் பிரச்சினை இல்லை. அவற்றிலிருந்தும் பொது முகாமையாளர் வரை உயரலாம்.

சம்பளம் பேசும்போது சேர்விஸ் சார்ஜைக் கூட்டிச் சொல்லும் தொகையைக் கேட்டு மயங்காதீர்கள். விருந்தினரின் கட்டணப் பட்டியலில் சேரும் அந்த 10 வீதம் அவர்கள் இருந்தால்தான் வரும், டிசம்பரில் மெலிந்துவிடும். நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் போகிறதா என்று பாருங்கள். மாலைதீவு, கட்டார் என்று முகவர் வந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திடமே விசாரித்த பிறகுதான் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும்.