முடி நட்ட பிறகு: முதல் பத்து நாளும், அதற்கப்புறம் வரும் நீண்ட மாதங்களும்

அறுவை சிகிச்சை முடிந்து கிளம்பும்போது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எப்படிப் படுப்பது, எந்த நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, எந்த மாத்திரையை எத்தனை நாள் போடுவது என்றெல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் 14ஆம் நாளோடு அந்தத் தாள் முடிந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது 22ஆம் நாள். காலையில் எழுந்தால் தலையணை உறை முழுக்கக் குட்டை குட்டையாக முடி. உட்கார்ந்து எண்ணினேன், 31 இருந்தது. நட்டதே 2,140 கிராஃப்ட்தான் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து), இப்படியே போனால் என்ன மிஞ்சும் என்று அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

இப்போது 16 மாதம் ஆகிறது. முடி வந்துவிட்டது. அந்தத் தாளில் இல்லாமல் போனதை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், அதுதான் இது.

எனக்குச் செய்தது எஃப்.யூ.இ. முறை. பின்னந்தலையிலிருந்து, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வட்டக் கருவியால் கிராஃப்ட்டை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைப்பார்கள். ஒரு கிராஃப்ட்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். தோலைப் பட்டையாக எடுக்கும் எஃப்.யூ.டி. முறை என்றால் பின்னால் தையல் இருக்கும், அதைப் பிரிக்கும் வரை கழுத்தை அதிகம் வளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நட்ட முடி வளரும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். உங்கள் மருத்துவர் சொல்வதும் நான் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் தலையைப் பார்த்தவர் அவர்.

முதல் பத்து நாள்

நட்ட இடத்தில் எதுவும் உரசக் கூடாது, அவ்வளவுதான் இந்த நாட்களின் வேலை. கிராஃப்ட் அப்போது ஒரு சின்னக் குழிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உறைந்த ரத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் மூன்று நாள் மிகவும் கவனம் தேவை. ஐந்தாறு நாளில் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பத்து நாள் தாண்டினால் முடியை இழுத்தாலும் அதோடு வேர் வராது என்று தைரியமாக இருக்கலாம்.

தூங்குவதுதான் பெரும்பாடு. மூன்று தலையணையை அடுக்கி, பயணத்தில் கழுத்துக்கு மாட்டும் வளைந்த தலையணையைப் போட்டுக்கொண்டு, பாதி உட்கார்ந்தபடி ஏழு இரவு தூங்கினேன். தலை பக்கவாட்டில் சாயாமல் இருக்க அந்தக் கழுத்துத் தலையணை மிகவும் உதவியது. இப்படி உயர்த்திப் படுப்பது வீக்கத்துக்கும் நல்லது. மரத்துப்போக ஊசி வழியாகத் தலைத்தோலில் ஏற்றும் திரவம் மெல்லக் கீழே இறங்கும். மூன்றாம் நாள் நெற்றி வீங்கியது, நான்காம் நாள் காலையில் வலது கண் பாதிதான் திறந்தது. என் மனைவி பயந்தே போனாள். வாரம் முடிவதற்குள் தானாக வடிந்துவிட்டது. நெற்றியில் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், நட்ட இடத்தின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இரண்டாம் நாள் எனக்கு விடாமல் விக்கல். தலையில் செய்ததற்கும் விக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். இந்த சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இது வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம், மருந்தும் இருக்கிறது. நான் ஒரு ராத்திரி தூக்கத்தை வீணாக இழந்தேன்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையையே போடுங்கள். கார் கதவு, அலமாரிக் கதவு, குனிந்து எழும்போது மேசை விளிம்பு, இந்த மூன்றும் எமன்கள். ஐந்தாம் நாள் அலமாரிக் கதவில் லேசாக இடித்துக்கொண்டேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. சுத்தமான பஞ்சுத்துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தேன், நின்றுவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பியதில் ஒன்றிரண்டு கிராஃப்ட் போயிருக்கலாம், மற்றவை பத்திரம் என்றார்கள். இந்த நாட்களில் கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் ரத்தம் வரும். ரத்தமே இல்லாமல் முடி உதிர்ந்தால் கலங்க வேண்டியதில்லை.

சிகரெட்டை அறவே தொடாதீர்கள். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், நட்ட வேருக்கு இப்போது தேவையே ரத்தம்தான். மதுவும் வேண்டாம். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். எடை தூக்குவது, நீச்சல் எல்லாம் மூன்று நான்கு வாரம் கழித்து.

பொருக்கைக் கழுவப் பயப்படாதீர்கள்

இதில் நான் தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நட்ட இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பொருக்கு கட்டும். என்னை மூன்றாம் நாளிலிருந்து கழுவச் சொன்னார்கள். நானோ கிராஃப்ட் போய்விடுமோ என்று தண்ணீரைச் சும்மா காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாளிலும் பொருக்கு அப்படியே கெட்டியாக இருந்தது. உள்ளே அரிப்பு தாங்கவில்லை. நகம் வைத்துச் சொறியத் தோன்றும், அதுதான் உண்மையான ஆபத்து. பொருக்கு நாட்கணக்கில் தங்கினால் அடியில் கிருமி சேரவும் இடம் உண்டு.

மென்மையான ஷாம்பூவை உள்ளங்கையில் நன்றாக நுரைத்து, அந்த நுரையை மட்டும் தலையில் ஒற்றி ஒற்றி வையுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு குவளையால் மெதுவாக ஊற்றுங்கள், ஷவரின் வேகம் நேரடியாகப் படக் கூடாது. துண்டால் தேய்க்காமல் தானாக உலர விடுங்கள். ஏழெட்டு நாள் ஆனதும், மருத்துவர் சரி என்றால், விரல் நுனியின் சதைப் பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக வருடலாம். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் தலை சுத்தமாகிவிட வேண்டும்.

பொருக்கு விழும்போது அதில் ஒரு முடியும் ஒட்டிக்கொண்டு வரும். அதன் அடியில் வெள்ளையாக ஒரு குமிழ் தெரியும். வேரோடு வந்துவிட்டது என்று நெஞ்சு பதறும். அது வேர் இல்லை, முடித்தண்டின் அடிமுனை. முடியை உண்டாக்கும் பை தோலுக்குள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது.

கொட்டும் காலம்

நட்ட முடி கொட்டத்தான் செய்யும். இதை யாராவது என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, இரண்டு முறை சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மாத நிம்மதி மிஞ்சியிருக்கும்.

தலைமுடி ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு சில வாரம் அடங்கும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடிந்ததும் அதே பையிலிருந்து புது முடி முளைக்கும். கிராஃப்ட்டைப் பிரித்தெடுத்து, ரத்த ஓட்டமே இல்லாமல் சில மணி நேரம் வெளியே வைத்து, வேறு இடத்தில் நட்டால் அந்த அதிர்ச்சியில் பை நேராக ஓய்வுக்குப் போய்விடுகிறது. மேலே இருந்த தண்டைக் கழற்றிவிடுகிறது. இதுதான் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரம் தொடங்கி இரண்டு மாதம் வரை நடக்கிறது. எனக்கு 22ஆம் நாள் தொடங்கி 41ஆம் நாள் ஓய்ந்தது. சிலருக்குக் கொஞ்சம்தான் கொட்டும். அதிகம் கொட்டினால் விளைவு மோசம் என்று கணக்கே இல்லை.

ஏன் இவ்வளவு நாள் எதுவுமே தெரிவதில்லை என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், மனம் ஆறும். மூன்று மாத ஓய்வு. அப்புறம் புது முடி அடியிலிருந்து தோலைத் துளைத்து வெளியே வர வேண்டும். முடி வளரும் வேகம் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆக மூன்றாவது நான்காவது மாதத்தில் முளை, ஆறாம் மாதத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர். எல்லாப் பைகளும் ஒரே நாளில் விழிப்பதும் இல்லை. ஆறாம் மாதத்தில் பாதிதான் வந்திருக்கிறது என்றால் அது சரியாகவே போகிறது. உச்சியில் நட்டவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் வரும், 15 முதல் 18 மாதம் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு நட்ட முடியோடு பக்கத்தில் ஏற்கெனவே இருந்த முடியும் கொஞ்சம் கொட்டியது. இதை ஷாக் லாஸ் என்கிறார்கள். இரண்டாவது மாதக் கடைசியில் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிடத் தலை மோசமாகத் தெரிந்தது. பின்னந்தலையில் எடுத்த இடத்தைச் சுற்றியிருந்த முடியும் திட்டுத் திட்டாக மெலிந்தது. இப்படிப் போகும் முடி பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும். முன்பே மெலிந்து நூலாகிவிட்ட முடி மட்டும் திரும்பாமல் போகலாம்.

ஐந்தாவது வாரம் பயம் தாங்காமல் சிகிச்சை செய்த இடத்துக்கு மாறி மாறிச் செய்தி அனுப்பினேன். ஒன்பது நாள் பதிலே இல்லை. கடைசியில் வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்துவிட்டு, சீழ் இல்லை, தோல் ஆரோக்கியமாக இருக்கிறது, நான்கு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்த ஆறுதல் பெரிது. சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போதே, மூன்றாம் மாதம் சந்தேகம் வந்தால் யார் பதில் சொல்வார்கள் என்று கேட்டு வையுங்கள்.

அந்த நாட்களில் ஒரே நாளில் நாற்பது போட்டோ எடுத்திருக்கிறேன். பிறகு மனைவி சொன்னபடி ஒரு வழக்கம் வைத்தேன். மாதத்தின் முதல் தேதி, அதே ஜன்னல் வெளிச்சம், உலர்ந்த முடி, முன், மேல், இரண்டு பக்கம் என்று நான்கே படம். அவள் போனில்தான் எடுப்போம், என் போனில் ஒன்றும் இருக்காது. ஈரத் தலையையும் நேர் மேலிருந்து விழும் விளக்கையும் நம்பாதீர்கள், அவை எந்தத் தலையையும் வழுக்கையாகக் காட்டும். மூன்றாம் மாதப் படத்தையும் நான்காம் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே இல்லை. ஐந்தாம் மாதப் படத்தில்தான் நெற்றி ஓரத்தில் மெல்லிய நிழல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

முளைக்கும்போது வருபவை

மூன்றாம் மாதம் நட்ட இடத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தன. புது முடி தோலுக்கடியில் சிக்கிக்கொண்டால் இப்படி வரும். கிள்ளாமல், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒத்தடமாக வைத்தேன், சில நாளில் அடங்கியது. கூட்டமாகப் பரவினால் காட்டிவிடுங்கள். மரத்துப்போன உணர்வு எனக்கு நான்காம் மாதம் வரை இருந்தது. உணர்வு திரும்பும்போது எறும்பு ஊர்வது போலிருக்கும்.

முதலில் வரும் முடி மெலிசாக, சுருண்டு, சொரசொரப்பாக இருக்கும். இது என் முடியே இல்லையே என்று தோன்றியது. ஒரு வருடத்துக்குள் தடித்து, படிய ஆரம்பித்தது.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. நட்ட இடத்தில் தோல் கருத்துப்போவது, காய்ச்சல், சீழ் அல்லது நாற்றம், நாள் போகப் போகக் குறையாமல் கூடும் வலி, கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காத ரத்தம். இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மருந்து

பின்னந்தலை முடிக்கு, வழுக்கைக்குக் காரணமான டி.ஹெச்.டி. ஹார்மோனைத் தாங்கும் குணம் உண்டு, இடம் மாறினாலும் அந்தக் குணம் கூடவே வரும். நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1950களில் இதைக் காட்டினார், இன்றைய சிகிச்சை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் முன்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது தொடர்ந்து உதிர்ந்தால் நட்டது மட்டும் தீவு போல நிற்கும். அதற்காகத்தான் மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு என்ற முடி உதிர்வு மருந்துகளைப் பற்றிப் பேசுகிறார்கள். மினாக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களிலும் முடி கொட்டலாம். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கும், மனநிலையைப் பாதிக்கும். கர்ப்பமான பெண்கள் அதன் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது. புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் இந்த மாத்திரை அளவைக் குறைத்துக் காட்டும், பரிசோதனை எடுக்கும்போது சொல்லிவிடுங்கள். இரண்டையும் மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம்.

எட்டு ஒன்பது மாதம் ஆகியும் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றால் மாதப் படங்களோடு போய்க் காட்டுங்கள். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் தலை முழுக்க முடியைக் கொட்ட வைக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முழுத் தீர்ப்பு 12 மாதத்துக்கு முன் வேண்டாம், இரண்டாவது முறை நடுவது பற்றிய பேச்சும் அதற்கு முன் வேண்டாம்.

அந்தப் பேச்சு என்றைக்காவது வரலாம் என்பதற்காக இப்போதே ஒன்றைச் செய்யுங்கள். எத்தனை கிராஃப்ட், பின்னந்தலையின் எந்தப் பகுதியிலிருந்து, எங்கே நட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த இடத்தில் மறுபடி முடி முளைக்காது, மிச்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று அடுத்து பார்க்கும் மருத்துவர் கணக்கிட அதுதான் ஆதாரம். எனக்கு அது ஆறாம் மாதம்தான் தோன்றியது, நான்கு முறை கேட்ட பிறகு அரைப் பக்கம் கிடைத்தது.