ஒழுகும் குழாயை நாமே மாற்றுவது எப்படி? (ஜூல் வெர்ன் துணையுடன்)

மொட்டை மாடியில் இருப்பது ஒரே டேங்க். ஆனால் கீழ்வீட்டுக் குழாய் பீய்ச்சி அடிக்கிறது, மாடி ஷவர் அழுது வடிகிறது. இதை எனக்கு ஒழுங்காகப் புரியவைத்தது பிளம்பர் அல்ல, ஜூல் வெர்ன். 1869–70இல் தொடராக வந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ நாவலைப் பள்ளி நாளில் சுருக்கப் பதிப்பில் படித்தபோது, ராட்சதக் கணவாய் வரும் பக்கங்களைத் தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை. இப்போது முழுசாகப் படித்தால், கதையின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் கண்ணில் படுவதற்கு முன்பே பேராசிரியர் அரோனாக்ஸ், திமிங்கில வேட்டைக்காரன் நெட் லாண்டுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறார். 32 அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம், நம் மேல் இருக்கும் மொத்தக் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். 320 அடி ஆழத்தில் அது பத்து மடங்கு, 3,200 அடியில் நூறு மடங்கு.

வீட்டுக் கணக்கும் அதேதான். டேங்கின் நீர்மட்டத்துக்கு 10 மீட்டர் கீழே இருக்கும் குழாயில், சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ அழுத்தம் இருக்கும். மாடி ஷவருக்கு மேலே 2 மீட்டர்தான் என்றால் 0.2 கிலோ. டேங்க் 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. அதனால் ஷவருக்காகப் பெரிய டேங்க் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். டேங்க் ஸ்டாண்டை உயர்த்துங்கள், இல்லையென்றால் பிரஷர் பம்ப் போடுங்கள்.

சரி, குழாய்க்கு வருவோம். திருகித் திருகி மூடும் பழைய மாடல் என்றால் பெரும்பாலும் உள்ளே வாஷர் மாற்றினாலே சொட்டுவது நின்றுவிடும். இங்கே சொல்வது குழாயையே கழற்றி மாற்றும் வேலை.

தேவையானவை: அரை இஞ்ச் குழாய், டெஃப்லான் (மரையில் சுற்றும் வெள்ளை டேப்) இரண்டு ரோல், அரை இஞ்ச் டம்மி (குழாய் இல்லாத இடத்தை அடைக்கும் மூடி) ஒன்று, 10 இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பேனர், பழைய டூத் பிரஷ். பைப் ரெஞ்சு வேண்டாம். அதன் பல் பட்டால் புதுக் குழாயின் பளபளப்பு போயே போய்விடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பளபள பித்தளையைவிட நல்ல பிளாஸ்டிக் குழாயே மேல் என்பது என் கட்சி. பார்க்க அழகில்லை, ஆனால் உப்புப் பூத்து இறுகாது.

1. கேட் வால்வை (டேங்கிலிருந்து வரும் தண்ணீரை அடைக்கும் வால்வு) மூடிவிட்டு, அதே லைனில் இருப்பதிலேயே கீழான குழாயைத் திறந்து, பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள்.

2. பழைய குழாயை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். அசையவில்லையென்றால் முழு பலத்தையும் போடாதீர்கள், சுவருக்குள் இருக்கும் எல்போ (பைப்பின் வளைவு இணைப்பு) உடைந்தால் டைல்ஸையே உடைக்க வேண்டிவரும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

3. சுவரில் இருக்கும் மரையை பிரஷ்ஷால் தேய்த்து, பழைய டெஃப்லான் துணுக்குகளை எடுங்கள். பிறகு ஒரு பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். மண்ணும் துருவும் வெளியே வந்துவிடும். கால் திருப்பு திருப்பினாலே திறக்கும் குழாய்களுக்குள் செராமிக் வட்டு இருக்கிறது, ஒரு மணல் துகள் போதும் அதைக் கெடுக்க.

4. டெஃப்லான் சுற்றுவது. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். குழாயின் மரை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால், குழாயைத் திருகும்போதே டெஃப்லான் பிரிந்து, வாய் ஓரமாகச் சுருண்டு வெள்ளை நூலாகத் தொங்கும். அதைப் பார்த்தாலே கழற்றிவிடலாம், கட்டாயம் ஒழுகும். முதல் மரையை விட்டுவிட்டு, லேசாக இழுத்தபடியே சுற்றுங்கள். மரையின் பள்ளங்கள் டெஃப்லான் வழியாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் போதுமான இழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய ரோல் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று வேண்டும்.

வெர்ன் தன் நாட்டிலஸை 16,000 மீட்டர் ஆழம் வரை இறக்குகிறார். நிஜக் கடலின் ஆழமான இடமே சுமார் 11,000 மீட்டர்தான், ஆனாலும் கப்பல் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. காற்றழுத்தத்தைப் போல 1,600 மடங்கு அழுத்தத்தை கப்பல் தலைவர் நெமோ சமாளித்தது, ஒன்றோடொன்று இணைத்த இரட்டை உடலால் என்கிறார் வெர்ன். டெஃப்லான் அப்போது இல்லை! (நெமோ நம் நாட்டுக்காரர் என்பது 1874–75இல் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் தெரியவரும். பந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானுக்குச் சொந்தம்.)

5. சுவரை மூடும் வட்டத் தகட்டை முதலில் மாட்டுங்கள், அப்புறம் குழாய். கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. வாய் நேராகக் கீழே பார்க்கும் இடத்தைத் தாண்டிவிட்டால், கொஞ்சம் பின்னால் திருப்பிச் சரிக்கட்டாதீர்கள். பின்னால் திருப்பினால் டெஃப்லானின் பிடி போய்விடும். கழற்றி, புதிதாகச் சுற்றி, மறுபடி மாட்டுங்கள்.

6. வால்வை மெதுவாகத் திறந்து, குழாயின் கழுத்தைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரிந்துவிடும். அரை மணி கழித்து இன்னொரு முறை.

பின்சேர்க்கை: கேட் வால்வு முழுசாக மூடவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். வருஷக்கணக்கில் தொடாத வால்வு அப்படித்தான். டேங்கைக் காலி செய்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், வால்வை அடுத்து மாற்றும்போது பால் வால்வாக (உள்ளே உருண்டை இருக்கும், கால் திருப்பில் மூடும் வால்வு) போடுங்கள். நடுவில் வேலை நின்றுபோனால் டம்மிக்கும் டெஃப்லான் சுற்றி மாட்டிவிட்டு, தண்ணீரைத் திறந்துகொள்ளலாம். இன்னொருவருக்கு சுவரில் இருந்ததே பிளாஸ்டிக் மரை. அப்படியானால் டெஃப்லானைக் குறைத்துச் சுற்றுங்கள், தடித்துப் போனால் திருகும்போது மரை விரிசல் விடும். ஸ்பேனரையும் அரைச் சுற்றோடு நிறுத்துங்கள்.