ஏபிஎஸ் விளக்கும் முன்சக்கர சென்சாரும்

மெதுவாக நிறுத்தும்போதெல்லாம் என் பிக்கப்பின் பிரேக் பெடல் கடகடவென்று அதிரும். வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அப்புறம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தது. ஸ்கேனர் வலது முன்சக்கர வேக சென்சாரைக் காட்டியது. மெக்கானிக் புதுசு போடச் சொன்னார். எனக்கு மனசில்லை, கழற்றிப் பார்த்தேன். மல்ட்டிமீட்டர் 1,100 ஓம் காட்டியது. சரி, சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் காந்த முனையில் இரும்புத்தூள், உட்காரும் இடத்தில் துரு. துரு சென்சாரைத் தூக்கிவிட்டால், சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடும். குறைந்த வேகத்தில் சிக்னல் விட்டுப்போகும். சக்கரம் பூட்டிவிட்டதாக எண்ணி ஏபிஎஸ் பிரேக்கைத் தளர்த்திவிடும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து மாட்டினேன். அதிர்வு போய்விட்டது.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் சக்கரம் பூட்டாமல் காக்க ஏபிஎஸ் இருக்காது; லோடு இல்லாத பிக்கப்பில் பின்பக்கம் லேசு, ஈரச்சாலையில் அழுத்திப் பிடித்தால் வால் சுற்றிவிடலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரங்கட்டிவிடுங்கள்.