எந்த எண் எந்தப் பெட்டிக்குள்? முதலில் சுருக்குங்கள்

−18/3 எந்த வகை என்று கேட்டால், பின்னமாக இருக்கிறதே என்று ‘விகிதமுறு எண்’ என எழுதிவிட்டு மாணவர்கள் பலர் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். தவறில்லை, ஆனால் பாதி விடைதான். வகுத்தால் −6 வருகிறது. அது முழுக்களில் ஒன்று. √49-ம் அப்படித்தான். மூலக்குறியைப் பார்த்ததும் விகிதமுறா எண் (முழுக்களின் பின்னமாக எழுத முடியாதது) என்று முத்திரை குத்துவார்கள். உள்ளே இருப்பது வெறும் 7. அதனால் முதல் வேலை சுருக்குவது. வகை பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சுருக்கியதும் சிறிய பெட்டியிலிருந்து தொடங்குங்கள். 1, 2, 3… இயல் எண்கள். 0 சேர்ந்தால் முழு எண்கள். −1, −2 போன்ற குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். ‘முழு எண்கள்’, ‘முழுக்கள்’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் தேர்வில் மாற்றி எழுதுவது சகஜம். −6 முழு எண் அல்ல. ஆனால் முழுக்களில் உண்டு. தொகுதியும் பகுதியும் முழுக்களாக, பகுதி 0 ஆகாமல், பின்னமாக எழுத முடிந்தால் விகிதமுறு எண். விகிதமுறு, விகிதமுறா எண்கள் எல்லாம் சேர்ந்த பெரிய பெட்டிதான் மெய்யெண்கள். சிறிய பெட்டியில் விழுந்த எண் அதைவிடப் பெரிய பெட்டிகளிலும் இருக்கும்: 7 இயல் எண், முழு எண், முழு, விகிதமுறு எண், மெய்யெண் எல்லாம்தான். விகிதமுறா எண்கள் மட்டும் மெய்யெண்களுக்குள் தனி அறை. அங்கே இருப்பது வேறு எந்தச் சிறிய பெட்டியிலும் இருக்காது.

தசமமாகக் கொடுத்தால்தான் குழப்பம் அதிகம். முடிகிற தசமமும் சுழல் தசமமும் (ஒரே இலக்கத் தொகுப்பு முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவது) விகிதமுறு எண்களே. ஏன் சுழல்கிறது? 1-ஐ 7-ஆல் நீள்வகுத்தல் செய்து மீதிகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்: 3, 2, 6, 4, 5, 1. மீண்டும் 1 வந்துவிட்டது. இனி வந்த வழியேதான் திரும்பிப் போக வேண்டும். 7-ஆல் வகுக்கும்போது 0 தவிர ஆறு மீதிகள்தானே உண்டு! ஆகவே 0.142857142857…

கால்குலேட்டரை இதில் நம்பாதீர்கள். 1/17-க்கு அது 0.0588235294 என்று காட்டி நின்றுவிடும். சுழலும் பகுதி 16 இலக்கம். திரையில் அத்தனை இடம் இல்லை.

சுழல் தசமத்தைப் பின்னமாக்க 0.2363636…-ஐ எடுத்துக்கொள்வோம். 1000-ஆல் பெருக்கினால் 236.3636…, 10-ஆல் பெருக்கினால் 2.3636… கழித்தால் வால் அடிபட்டுப்போகும்: 990 மடங்கு = 234. எண் 234/990, சுருக்கினால் 13/55. சுழலாத 2-ஐ மறந்து, 100 மடங்கிலிருந்து எண்ணையே கழித்தால் 23.4 என்று தசமம் ஒட்டிக்கொண்டே வரும். அதுவும் தப்பல்ல, சுற்றுவழி.

0.1010010001… என்பதில் ஒழுங்கு இருக்கிறது, சுழற்சி இல்லை. பூச்சியங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போவதால் ஒரே தொகுப்பு திரும்பத் திரும்ப வருவதில்லை. எனவே விகிதமுறா எண்.

மூலக்குறிக்குள் பின்னம் இருந்தால் அதைச் சுருக்கிய பின், தொகுதி, பகுதி இரண்டும் முழு வர்க்கமா என்று பாருங்கள். √(8/18)-இல் 8-ம் 18-ம் முழு வர்க்கம் அல்ல. சுருக்கினால் 4/9, விடை 2/3. √0.04 என்பது 0.2. ஆனால் √0.4? 0.4 = 2/5; இரண்டுமே முழு வர்க்கம் அல்ல. இது விகிதமுறா எண். 4-ஐப் பார்த்து 0.2 என்று எழுதுவது வகுப்புக்கு வகுப்பு நடக்கிற தவறு.

π-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 22/7 விகிதமுறு எண், π விகிதமுறா எண். 3.142857…, 3.141592… என்று மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கணக்குக்கு வசதியாக 22/7 போடுகிறோம், அவ்வளவுதான்.

விகிதமுறா எண்கள் இரண்டைப் பெருக்கினாலும் கூட்டினாலும் விகிதமுறா எண்ணே வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். √2 × √8 = √16 = 4.

குறைக்குறி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். −√9 என்பது −3. ∛(−27) என்பதும் −3. √(−9) மட்டும் மெய்யெண்ணே இல்லை. 0/5 என்பது 0, ஆகவே முழு எண். 5/0-ஐ எந்தப் பெட்டியிலும் போட முடியாது. அது எண்ணே அல்ல.